8085 அசெம்பிளி மொழியில் ரெஜிஸ்டருக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை நகர்த்துதல்: முழுமையான வழிகாட்டி

அசெம்பிளி மொழியில் ஒரு நிரலை எடுத்துப் பாருங்கள். கூட்டல், கழித்தல் என்று கணக்குப் போடும் வரிகள் அதில் சிலவாகத்தான் இருக்கும். மற்றவை பெரும்பாலும் ஒரு பைட்டை எங்கிருந்தோ எடுத்து வேறெங்கோ வைக்கும் வரிகள். புதிதாகக் கற்பவர்கள் கூட்டலில் தவறுவதில்லை, இந்த எடுத்துவைப்பில்தான் தவறுகிறார்கள். காரணம் எளிது: அவர்களுடைய கண் தரவின் மீது இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் முகவரி. ஒரு கட்டளையைப் படித்தவுடன் "இது எந்த முகவரியைத் தொடுகிறது, அந்த முகவரி இதற்கு எங்கிருந்து கிடைத்தது" என்று கேட்கப் பழகிவிட்டால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

உதாரணத்துக்கு இன்டெல் 8085-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1976-இல் வெளிவந்த 8 பிட் நுண்செயலி. அதற்கு முந்தைய 8080-க்கு மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன, இதற்கு 5 வோல்ட் ஒன்றே போதும். பழையது என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். 1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியை இயக்கியது இதன் உறவான 80சி85தான். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இது பொருத்திய பயிற்சிக் கிட்டைத் தொடாமல் படிப்பை முடித்த மின்னணுவியல் மாணவர்கள் குறைவு. ஒவ்வொரு பைட்டும் எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்று கையால் கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிறியது என்பது இதன் பெரிய வசதி.

ஒரு குறிப்பு. கீழே கட்டளைகளையும் ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை; 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப்) எழுத்துகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கிட்டில் தட்டும்போதும் அசெம்பிளரில் (கட்டளைகளை எண் குறியீடுகளாக மாற்றித் தரும் மென்பொருள்) எழுதும்போதும் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே இடுங்கள். முகவரிகள், ஓப்கோடுகள் (கட்டளைகளின் எண் குறியீடுகள்), அவற்றில் வரும் பைட்டுகள் எல்லாம் ஹெக்ஸ் எண்கள்.

படி 1: எது எங்கே இருக்கிறது

செயலிக்குள் ஏழு 8 பிட் ரெஜிஸ்டர்கள் (சிறு சேமிப்பிடங்கள்) நம் பயன்பாட்டுக்கு உண்டு: ஏ, பி, சி, டி, இ, எச், எல். இவற்றில் ஏ என்பது அக்குமுலேட்டர், கணக்கின் விடை வந்து சேரும் இடம். மற்ற ஆறும் பிசி, டிஇ, எச்எல் என்று இணைசேர்ந்து 16 பிட் ரெஜிஸ்டர்களாகவும் நடந்துகொள்ளும். முகவரி 16 பிட் என்பதால், ஒரு முகவரியைத் தாங்க ஓர் இணை வேண்டும். இவை தவிர ஸ்டாக்கின் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவகப் பகுதி) உச்சியைக் காட்டும் எஸ்பி ஒன்று.

செயலிக்கு வெளியே நினைவகம். 16 பிட் முகவரியால் 65,536 பைட்டுகளைச் சுட்டலாம். ரீசெட் ஆனவுடன் 8085 தன் முதல் கட்டளையை 0000 முகவரியிலிருந்து எடுக்கும். அதனால் பயிற்சிக் கிட்களில் அங்கே கிட்டை இயக்கும் மானிட்டர் நிரல் எழுதப்பட்ட ஈப்ராம் (நம் நிரலால் படிக்க மட்டுமே முடிந்த நினைவகம்) இருக்கும். நாம் எழுதக்கூடிய ராம் அதற்கு மேலே எங்காவது தொடங்கும். நம் ஊர் ஆய்வகக் குறிப்பேடுகள் பலவற்றில் நிரல் 4100-இலும் தரவு 4200-இலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் கிட்டில் ராம் வேறு இடத்தில் இருந்தால் முகவரிகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: ரெஜிஸ்டருக்குள் ஓர் எண்ணை வைத்தல், ரெஜிஸ்டர்களுக்கு இடையே நகலெடுத்தல்

எம்விஐ பி, 05
மூவ் ஏ, பி

முதல் வரி 05 என்ற எண்ணை பி-யில் வைக்கிறது. எண் கட்டளைக்குள்ளேயே, ஓப்கோடுக்கு அடுத்த பைட்டாக இருக்கிறது. இரண்டாவது வரி பி-யில் இருப்பதை ஏ-க்கு நகலெடுக்கிறது. பி-யில் இருந்தது அப்படியே இருக்கும். எழுதும் வரிசையில் சேருமிடம் முதலில், புறப்படும் இடம் பிறகு.

ஓப்கோடு எப்படி அமைகிறது என்பதை ஒரு முறை பார்த்துவிட்டால் அட்டவணையை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம். மூவ் கட்டளையின் எட்டு பிட்டுகளில் முதல் இரண்டு 01. அடுத்த மூன்று சேருமிடம், கடைசி மூன்று புறப்படும் இடம். பி 000, சி 001, டி 010, இ 011, எச் 100, எல் 101, ஏ 111. ஆகவே மூவ் ஏ, பி என்பது 01 111 000, அதாவது ஹெக்ஸில் 78. விடுபட்ட 110 என்ற குறியீடு நினைவகத்துக்கு உரியது, அதை எம் என்று எழுதுகிறோம். இரண்டு பக்கமும் 110 வைத்தால், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே நகர்த்தும் கட்டளை கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காது. 01 110 110, அதாவது 76 என்ற குறியீட்டை 8085 செயலியை நிறுத்தும் எச்எல்டி கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரு பைட் போக வேண்டுமானால் அது ஒரு ரெஜிஸ்டருக்குள் வந்துதான் போக வேண்டும்.

படி 3: முகவரி கட்டளைக்குள்ளேயே இருக்கும்போது

எல்டிஏ 4200
எஸ்டிஏ 4201

எல்டிஏ, 4200-இல் உள்ள பைட்டை ஏ-க்குக் கொண்டுவருகிறது. எஸ்டிஏ, ஏ-யில் உள்ளதை 4201-இல் எழுதுகிறது. இவை இரண்டும் அக்குமுலேட்டருக்கு மட்டுமே உரியவை. நேரடி முகவரியிலிருந்து பி-க்கு ஒரு பைட்டை ஏற்றும் கட்டளை கிடையாது. எல்டிஏ செய்துவிட்டு மூவ் பி, ஏ என்று எழுத வேண்டும்.

கிட்டில் இதை ஏற்றும்போது இப்படி இருக்கும்:

4100 : 3ஏ 00 42 : எல்டிஏ 4200
4103 : 32 01 42 : எஸ்டிஏ 4201
4106 : 76 : எச்எல்டி

முகவரியின் கீழ் பைட் முதலில், மேல் பைட் பிறகு. 4200 என்பது 00 42 என்று நினைவகத்தில் இருக்கும். ஆய்வகத்தில் அதிகம் காணப்படும் பிழை இதுதான். 32 42 01 என்று தட்டிவிட்டால் செயலி 0142 என்ற முகவரிக்கு எழுதப் பார்க்கும். அது ஈப்ராம் இருக்கும் பகுதி என்றால் எழுதியது எங்கும் பதியாது, பிழைச் செய்தியும் வராது. நிரல் ஓடி முடியும், 4201-இல் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். எல்டிஏ-வில் இதே தவறு செய்தால் இன்னும் மோசம்: மானிட்டர் நிரலின் ஏதோ ஒரு பைட் உங்கள் தரவு போலவே வந்து ஏ-யில் உட்கார்ந்துகொள்ளும்.

கணினியில் அசெம்பிளர் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு குழி. பல அசெம்பிளர்கள் எண்ணின் கடைசியில் எச் என்ற எழுத்து இல்லாவிட்டால் அதைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். வெறுமனே 4200 என்று எழுதினால் அது ஹெக்ஸில் 1068 ஆகிவிடும்.

எல்டிஏ ஓடும்போது வெளியே என்ன நடக்கிறது? செயலி நான்கு முறை நினைவகத்தை அணுகுகிறது. 4100-இலிருந்து 3ஏ, 4101-இலிருந்து 00, 4102-இலிருந்து 42. கடைசி இரண்டையும் செயலி தனக்குள் இருக்கும், நம் கண்ணில் படாத இசட், டபிள்யூ என்ற தற்காலிக ரெஜிஸ்டர்களில் சேர்த்து 4200 என்ற முகவரியை உருவாக்குகிறது. நான்காவது அணுகலில்தான் நாம் கேட்ட பைட் வருகிறது. முதல் அணுகலுக்கு 4 டி-ஸ்டேட் (செயலிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு ஒரு டி-ஸ்டேட்), மற்ற மூன்றுக்கும் தலா 3. மொத்தம் 13. மூவ் ஏ, பி-க்கு 4 மட்டுமே. ஒரு பைட்டை எடுக்கப் போய் மூன்று பைட்டுகளைக் கூடுதலாகப் படிக்கிறோம். முகவரியைச் சுமந்து வருவதற்கு ஆகும் செலவு இது.

படி 4: முகவரி எச்எல் இணையில் இருக்கும்போது

எல்எக்ஸ்ஐ எச், 4200
மூவ் ஏ, எம்
ஐஎன்எக்ஸ் எச்
மூவ் எம், ஏ

எல்எக்ஸ்ஐ எச், 4200 என்பது எச்எல் இணைக்குள் 4200 என்ற எண்ணை வைக்கிறது. அவ்வளவுதான். அந்த முகவரியில் உள்ள எதையும் அது தொடுவதில்லை. எல்எக்ஸ்ஐ எழுதியவுடன் 4200-இல் உள்ள தரவு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது பரவலான தவறு. தரவு வருவது மூவ் ஏ, எம்-இல்தான். எம் என்று தனி ரெஜிஸ்டர் கிடையாது. அந்தக் கணத்தில் எச்எல் எந்த முகவரியைக் காட்டுகிறதோ அந்த இடம்தான் எம். மூன்றாவது வரி எச்எல்-ஐ 4201 ஆக்குகிறது, நான்காவது வரியின் எம் 4201 ஆகிவிடுகிறது. ஒரே எழுத்து, வேறு இடம்.

எம்-ஐ ஏழு ரெஜிஸ்டர்களில் எதனோடும் சேர்க்கலாம். மூவ் டி, எம் சரி. மூவ் எம், சி சரி. எம்விஐ எம், 55 என்று ஓர் எண்ணை நேராக நினைவகத்தில் வைக்கவும் முடியும், அதற்கு 10 டி-ஸ்டேட் ஆகும். மூவ் எச், எம் கூடச் செல்லுபடியாகும் கட்டளைதான். ஆனால் அது ஓடியவுடன் எச் மாறிவிடும், அடுத்த எம் வேறொரு முகவரி. வேண்டுமென்றே செய்தால் திறமை, தெரியாமல் செய்தால் அரை நாள் போய்விடும்.

இங்கே ஒரு கணக்கு. மூவ் ஏ, எம்-க்கு 7 டி-ஸ்டேட், ஐஎன்எக்ஸ் எச்-க்கு 6. இரண்டும் சேர்ந்து 13, அதாவது ஓர் எல்டிஏ-வுக்கு ஆகும் அதே நேரம். "எச்எல் வழியாகப் போனால் வேகம்" என்று பொதுவாகச் சொல்வதில் அடுத்தடுத்த பைட்டுகளைப் படிக்கும்போது உண்மை இல்லை. மூன்று பைட்டுக்குப் பதில் இரண்டு பைட் என்று நிரல் சற்றே குறுகும். உண்மையான லாபம் வேறு: எல்டிஏ-வின் முகவரி கட்டளைக்குள் உறைந்துபோனது, எச்எல்-இல் உள்ள முகவரியை நிரல் ஓடும்போதே மாற்றலாம். அதனால்தான் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் எழுத முடிகிறது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொடும்போது மட்டும், முகவரியை மாற்றத் தேவையில்லாததால், 7-க்கும் 13-க்கும் உள்ள வேகம் முழுதாகக் கிடைக்கும்.

படி 5: இரண்டாவது சுட்டி

ஒரு பக்கத்திலிருந்து படித்து இன்னொரு பக்கத்தில் எழுத வேண்டுமென்றால் இரண்டு முகவரிகள் வேண்டும். பிசி, டிஇ இணைகளையும் சுட்டியாக வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குத் தனிக் கட்டளைகள்: படிக்க எல்டிஏஎக்ஸ், எழுத எஸ்டிஏஎக்ஸ். எல்டிஏஎக்ஸ் டி என்றால் டிஇ காட்டும் முகவரியிலிருந்து ஏ-க்கு. எஸ்டிஏஎக்ஸ் பி என்றால் ஏ-யிலிருந்து பிசி காட்டும் முகவரிக்கு. இவை அக்குமுலேட்டருக்கு மட்டுமே வேலை செய்யும். எச்எல்-க்கு இருக்கும் சுதந்திரம் மற்ற இணைகளுக்கு இல்லை.

டிஇ-யில் இருக்கும் முகவரிக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டுமென்றால் எக்ஸ்சிஎச்ஜி இருக்கிறது. டிஇ-யையும் எச்எல்-ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கும் ஒரு பைட் கட்டளை, 4 டி-ஸ்டேட். 8085-இல் மிகவும் குறைவாகப் பயன்படுத்தப்படும் நல்ல கட்டளை எது என்று கேட்டால் இதைச் சொல்வேன்.

படி 6: ஒரேயடியாக இரண்டு பைட்டுகள்

எல்எச்எல்டி 4200 என்றால் 4200-இல் உள்ளது எல்-க்கும் 4201-இல் உள்ளது எச்-க்கும் வரும். எஸ்எச்எல்டி அதற்கு எதிர்த்திசை. இரண்டுக்கும் 16 டி-ஸ்டேட். இங்கேயும் கீழ் பைட்டுக்கே கீழ் முகவரி. எல்எக்ஸ்ஐ எச், 4200-க்கும் எல்எச்எல்டி 4200-க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: முன்னது 4200 என்ற எண்ணையே எச்எல்-இல் வைக்கிறது, பின்னது அந்த இடத்திலிருந்து தொடங்கும் இரண்டு பைட்டுகளை வைக்கிறது.

ஸ்டாக் வழியாகவும் இணைகள் நினைவகத்துக்குப் போய்வரும். எஸ்பி 4402 என்று இருக்கும்போது புஷ் பி செய்தால், பி 4401-இலும் சி 4400-இலும் எழுதப்பட்டு எஸ்பி 4400 ஆகும். பாப் கட்டளை அதைத் திரும்ப எடுக்கும். எந்த இணைக்கு எடுக்கிறோம் என்பது நம் விருப்பம் என்பதால், புஷ் பி, பாப் டி என்று எழுதி பிசி-யை டிஇ-க்கு நகலெடுப்பவர்கள் உண்டு. 12, 10 என்று 22 டி-ஸ்டேட் ஆகும். மூவ் டி, பி, மூவ் இ, சி என்று இரண்டு வரி எழுதினால் 8 போதும். புஷ், பாப் இரண்டையும் மதிப்புகளைக் காப்பாற்றி வைக்க மட்டும் பயன்படுத்துங்கள், தொடக்கத்திலேயே எல்எக்ஸ்ஐ எஸ்பி கொண்டு எஸ்பி-க்கு ராமில் ஓர் இடம் கொடுத்துவிடுங்கள்.

படி 7: நகர்த்தல் ஃபிளாக்கை மாற்றாது

எல்டிஏ 4200 செய்துவிட்டு, வந்த பைட் பூஜ்யமா என்று பார்க்க உடனே ஜேஇசட் (பூஜ்யம் என்றால் தாவு) எழுதினால் பலன் இல்லை. இதுவரை பார்த்த நகர்த்தல் கட்டளைகள் எதுவும் ஃபிளாக்குகளை (கணக்கின் விடை பூஜ்யமா, கேரி வந்ததா என்பது போன்றவற்றைக் குறித்துவைக்கும் பிட்டுகள்) தொடுவதில்லை. ஜேஇசட் பார்ப்பது அதற்கு முன் எப்போதோ நடந்த ஒரு கணக்கின் ஃபிளாக்கை. இடையில் ஓஆர்ஏ ஏ என்ற வரியைச் சேருங்கள். ஏ-யின் மதிப்பு மாறாது, ஃபிளாக் புதுப்பிக்கப்படும். 6502 போன்ற செயலிகளில் ஏற்றும் கட்டளையே ஃபிளாக்கை மாற்றிவிடும், அங்கிருந்து வருபவர்கள் இதில் ஏமாறுவார்கள். இணையில் ஒன்று கூட்டும் ஐஎன்எக்ஸ், ஒன்று குறைக்கும் டிசிஎக்ஸ் ஆகிய இரண்டையும்கூட ஜேஇசட், ஜேஎன்இசட் (பூஜ்யம் இல்லையென்றால் தாவு) கொண்டு சோதிக்க முடியாது. 16 பிட் எண்ணிக்கையை டிசிஎக்ஸ் கொண்டு குறைத்து ஜேஎன்இசட் எழுதிய லூப்புகள் முடிவில்லாமல் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

இது தொல்லை மட்டும் இல்லை, வசதியும்கூட. கணக்குக்கும் தாவலுக்கும் நடுவில் எத்தனை மூவ் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஃபிளாக் பத்திரமாக இருக்கும்.

படி 8: ஒரு தொகுதியை நகலெடுத்தல்

4200 முதல் 4204 வரை உள்ள ஐந்து பைட்டுகளை 4300-இலிருந்து தொடங்கி வைக்க வேண்டும்.

4100 : 21 00 42 : எல்எக்ஸ்ஐ எச், 4200
4103 : 11 00 43 : எல்எக்ஸ்ஐ டி, 4300
4106 : 06 05 : எம்விஐ பி, 05
4108 : 7இ : மூவ் ஏ, எம்
4109 : 12 : எஸ்டிஏஎக்ஸ் டி
410ஏ : 23 : ஐஎன்எக்ஸ் எச்
410பி : 13 : ஐஎன்எக்ஸ் டி
410சி : 05 : டிசிஆர் பி
410டி : சி2 08 41 : ஜேஎன்இசட் 4108
4110 : 76 : எச்எல்டி

ஓட்டுவதற்கு முன் 4200-இலிருந்து 11, 22, 33, 44, 55 என்று வைத்துவிடுங்கள். எல்லாவற்றிலும் 00 வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. 4300 முதல் 4305 வரை ஆறு இடங்களில் ஏஏ நிரப்புங்கள். ஐந்துக்குப் பதில் ஆறு வைப்பதற்குக் காரணம், லூப் ஒரு முறை அதிகமாகச் சுற்றியிருந்தால் 4305 காட்டிக்கொடுத்துவிடும். ஓடி முடிந்ததும் அது ஏஏ ஆகவே இருக்க வேண்டும்.

நேரக் கணக்கு: தொடக்கத்தில் 10, 10, 7 சேர்ந்து 27. ஒவ்வொரு சுற்றிலும் 7, 7, 6, 6, 4 சேர்ந்து 30, ஐந்து சுற்றுக்கு 150. ஜேஎன்இசட் தாவும்போது 10, தாவாதபோது 7, ஆகவே 47. எச்எல்டி 5. மொத்தம் 229 டி-ஸ்டேட். 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு இது சுமார் 76 மைக்ரோ விநாடி. பி-யில் 00 வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று கணித்துவிட்டுப் பிறகு மேலே படியுங்கள். பி-யில் ஒன்று குறைக்கும் டிசிஆர் முதல் சுற்றிலேயே அதை எஃப்எஃப் ஆக்கும், லூப் 256 முறை சுற்றும்.

படி 9: தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது

இதே நிரலில் சேருமிடத்தை 4202 என்று மாற்றுங்கள். 11, 22, 33, 44, 55 ஐந்தும் இரண்டு இடம் தள்ளிப் போக வேண்டும். ஓட்டிவிட்டு 4202-இலிருந்து பாருங்கள்: 11, 22, 11, 22, 11. முதல் சுற்றில் 4202-இல் எழுதிய 11, அங்கே இன்னும் படிக்கப்படாமல் காத்திருந்த 33-ஐ அழித்துவிட்டது. மூன்றாவது சுற்றில் நாம் படித்தது நாமே எழுதிய 11.

தீர்வு, கடைசிப் பைட்டிலிருந்து பின்னோக்கி வருவது. எல்எக்ஸ்ஐ எச், 4204. எல்எக்ஸ்ஐ டி, 4206 என்று தொடங்கி, ஐஎன்எக்ஸ் இரண்டுக்கும் பதில் டிசிஎக்ஸ் எச், டிசிஎக்ஸ் டி. ஓப்கோடுகள் 2பி, 1பி. மற்றவை மாறாது. சேருமிடம் மூலத்துக்குக் கீழே இருந்தால் நிலைமை தலைகீழ்: அப்போது முன்னோக்கிப் போவதே சரி, பின்னோக்கி வந்தால் கெடும்.

எது எதற்குக் கீழே என்று முன்கூட்டித் தெரியாதபோது நிரலே முடிவெடுக்க வேண்டும். எச்எல்-இல் மூலம், டிஇ-யில் சேருமிடம்:

மூவ் ஏ, டி
சிஎம்பி எச்
ஜேஎன்இசட் தீர்மானி
மூவ் ஏ, இ
சிஎம்பி எல்
தீர்மானி: ஜேசி முன்னோக்கு

சிஎம்பி, ஏ-யை அந்த ரெஜிஸ்டரோடு ஒப்பிடுகிறது. ஏ சிறியது என்றால் கேரி ஃபிளாக் வரும், அப்போது ஜேசி தாவும். மேல் பைட்டுகள் வேறுபட்டால் அந்த ஒப்பீடே போதும், சமமாக இருந்தால் கீழ் பைட்டுகளைப் பார்க்கிறோம். கேரி வந்தால் டிஇ சிறியது, முன்னோக்கிய லூப்புக்குத் தாவலாம். வராவிட்டால் இரண்டு சுட்டிகளையும் கடைசிப் பைட்டுக்கு நகர்த்த வேண்டும். 16 பிட் கூட்டலான டிஏடி, விடையை எச்எல்-இல் மட்டுமே வைக்கும். எக்ஸ்சிஎச்ஜி இங்கே கைகொடுக்கிறது:

மூவ் சி, பி
எம்விஐ பி, 00
டிசிஎக்ஸ் பி
டிஏடி பி
எக்ஸ்சிஎச்ஜி
டிஏடி பி
எக்ஸ்சிஎச்ஜி
மூவ் பி, சி
ஐஎன்ஆர் பி

எண்ணிக்கையில் ஒன்று குறைத்து பிசி-யில் வைத்து, எச்எல்-இல் கூட்டி, இணைகளை மாற்றி, மறுபடி கூட்டி, பழையபடி மாற்றிவைக்கிறோம். கடைசி இரண்டு வரிகள் எண்ணிக்கையை பி-யில் மீட்கின்றன. எண்ணிக்கை 1 முதல் 255 வரை இருக்கும் வரை இது சரியாக ஓடும். 00 வந்தால் சுட்டிகள் ஓரிடம் பின்னால் போய் 256 சுற்று சுற்றும், அதைத் தனியே தடுத்துவிடுங்கள்.

சி மொழியில் மெம்சிபிஒய், மெம்மூவ் என்று இரண்டு செயற்கூறுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் முன்னதன் விளைவுக்கு மொழித் தரநிலை பொறுப்பேற்பதில்லை. பின்னது அப்போதும் சரியாக நகலெடுத்தாக வேண்டும். நாம் இப்போது எழுதியிருப்பது 8085-க்கான ஒரு மெம்மூவ்.